அந்த 60 மில்லிமீற்றர் துண்டை வெட்டி எறிய வேண்டுமா?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். பரந்தன் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு நீராவி கொண்டுபோகும் லைனை நீட்டுகிறீர்கள். இரண்டு அங்குலப் பைப், ஷெட்யூல் 40 (சுவர்த் தடிப்பின் வகுப்பு), காபன் உருக்கு. போய்லரின் அமுக்கம் 10 பாருக்கு மேல் போவதில்லை. அளவு கொஞ்சம் குறைந்துபோனதால் எல்போவுக்கும் (வளைவுத் துண்டு) பைப்புக்கும் நடுவில் 60 மில்லிமீற்றர் துண்டொன்றை வைத்து இரண்டு பக்கமும் வெல்டிங்கில் ஒட்டிவிட்டீர்கள். கட்டாரில் வேலை பார்த்துவிட்டு வந்த போர்மன் அண்ணை, "இரண்டு ஒட்டுக்கு நடுவில் 100 மில்லிமீற்றராவது வேணும், வெட்டி எறி" என்கிறார். காலபோக நெல் வந்து குவிகிறது, லைனை இனிமேல் நிறுத்த ஏலாது என்கிறார் முதலாளி. யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

ஒட்டு இரண்டும் நல்ல ஒட்டாக இருந்தால் வெட்ட வேண்டாம். அதற்காக அண்ணை பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சொன்ன எண் உண்மையான எண்தான், ஆனால் அது வேறு வேலைக்கு எழுதப்பட்டது.

விதிநூலிலிருந்து தொடங்குவோம். தொழிற்சாலைக் குழாய்களுக்கு உலகெங்கும் அதிகம் பார்க்கப்படுவது அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) பி31.3. மின்நிலையம், போய்லர் சார்ந்த நீராவிக் குழாய்களுக்குப் பி31.1. ஒரு சுற்று ஒட்டுக்கும் (பைப்பைச் சுற்றி வரும் ஒட்டு) அடுத்த சுற்று ஒட்டுக்கும் இத்தனை மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்ற பொதுவான விதி இரண்டிலும் கிடையாது. பலர் இதை நம்ப மாட்டார்கள். "கோட்டில (விதிநூலில) இருக்கு" என்று அடித்துச் சொல்வார்கள். எந்தப் பந்தி என்று கேட்டுப் பாருங்கள், கதை மாறிவிடும். பழைய பிரித்தானிய நியமங்களில் ஓர் எண் உண்டு. பி.எஸ். 2633, பி.எஸ். 2971 இரண்டுமே அடுத்தடுத்த ஒட்டுகளின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, பைப்பின் தடிப்பைப் போல நான்கு மடங்குக்குக் குறையக்கூடாது என்கின்றன. உங்கள் பைப்பின் தடிப்பு 3.91 மில்லிமீற்றர். நான்கு மடங்கு என்றால் 15.6. துண்டின் இரண்டு பக்கமும் ஒட்டு ஏறிய அகலத்தைக் கழித்தாலும் உங்களிடம் 50 மில்லிமீற்றருக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

அப்படியானால் 100 எங்கிருந்து வந்தது? கம்பனிகளின் வேலைக் குறிப்பிலிருந்து. எண்ணெய், எரிவாயுக் கம்பனிகள் விதிநூலுக்கு மேல் தங்கள் சொந்த நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கும். ஒன்றில் 50 மில்லிமீற்றர், இன்னொன்றில் 100, வேறொன்றில் பைப்பின் வெளிவிட்டம், அல்லது இவற்றில் எது பெரிதோ அது. ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருந்தால் அங்கே அதுதான் சட்டம். விவாதத்துக்கு இடமில்லை. அங்கே வருடக்கணக்கில் வேலை செய்தவருக்கு அந்த எண் கையில் ஊறிப்போயிருக்கும். அதில் பிழையில்லை. ஆனால் அரிசி ஆலை முதலாளி அப்படி ஒரு குறிப்பில் கையெழுத்து வைக்கவில்லையே.

இன்னும் சில எண்களும் இந்தப் பேச்சில் வந்து கலப்பதுண்டு. அமுக்கக் கலங்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பிரிவில் அடுத்தடுத்த வளையங்களின் நீள ஒட்டுகள் (நீளவாக்கில் ஓடும் ஒட்டுகள்) தடித்த தகட்டின் தடிப்பைப் போல ஐந்து மடங்காவது விலகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்திப்பின் இரு பக்கமும் 100 மில்லிமீற்றர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அது நீள ஒட்டுகள் ஒரே கோட்டில் வந்து நிற்பதைப் பற்றிய விதி. உங்கள் சுற்று ஒட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் ஏ.பி.ஐ. 5எல் நியமப் பைப்பில் இரண்டு துண்டை ஒட்டி ஒரு நீளமாக விற்பதானால் ஒரு துண்டும் 1.5 மீற்றருக்குக் குறையக்கூடாது. அது பைப் ஆலைக்கான விற்பனை நிபந்தனை. இதையும் தளத்துக்குக் கொண்டுவந்து "ஒன்றரை மீற்றர் வேணும்" என்பவர்கள் இருக்கிறார்கள்.

விதிநூலை மூடிவைத்துவிட்டு உங்கள் கையில் இருக்கும் எல்போவையே பாருங்கள். இரண்டு அங்குல, குறுகிய ஆரை எல்போ ஒன்றின் நடு ஆரை 51 மில்லிமீற்றர். பைப்பின் வெளிவிட்டம் 60.3. உள்வளைவின் ஆரை ஏறக்குறைய 21 என்று வரும். அதன் கால்வட்டம் 33 மில்லிமீற்றர். அதாவது அந்த எல்போவின் இரண்டு முனையிலும் ஒட்டும்போது, உள்வளைவுப் பக்கம் இரண்டு ஒட்டுக்கும் நடுவில் 33 மில்லிமீற்றர்தான். நீண்ட ஆரை எல்போவில்கூட 72 தான். இப்படிப்பட்ட எல்போக்களை உலகம் முழுக்க ஒட்டுகிறார்கள், யாரும் வெட்டச் சொல்வதில்லை. எல்போவில் 33 ஆகலாம், நேர்ப் பைப்பில் 60 ஆகாது என்றால், அந்தத் தடையின் காரணம் உலோகத்தில் இல்லை.

ஆனாலும் இடைவெளி கேட்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், எந்த லைனில் இது முக்கியம், எதில் இல்லை என்று நீங்களே சொல்லிவிடலாம்.

முதலாவது, எஞ்சிய தகைப்பு, அதாவது ஒட்டிய பிறகு உலோகத்துக்குள் தங்கிவிடும் இழுப்பு. ஒட்டு ஆறும்போது சுருங்குகிறது. சுற்று ஒட்டு சுருங்கினால், நெல்லுச் சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கியது போலப் பைப்பை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பு ஒட்டோடு நின்றுவிடாது, இரு பக்கமும் கொஞ்சத் தூரம் போய்த்தான் தணியும். எவ்வளவு தூரம் என்பதை ஆரையையும் தடிப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துக் கணக்கிடுவார்கள். அந்த வர்க்கமூலத்தின் இரண்டரை மடங்கு தாண்டினால் பெரும்பாலும் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது பொறியியல் வழக்கம். உங்கள் இரண்டு அங்குலப் பைப்பில் இது 26 மில்லிமீற்றர். நான்கு அங்குல ஷெட்யூல் 40 என்றால் 45, ஆறு அங்குலம் என்றால் 60. ஒரே எண் எல்லாப் பைப்புக்கும் பொருந்தாது என்பதற்கு இதுவே போதும். ஆறு அங்குலத்தில் 60 மில்லிமீற்றர்த் துண்டு வைத்திருந்தால் நானும் கொஞ்சம் முகம் சுளித்திருப்பேன்.

முகம் சுளிப்பதோடு சரி, வெட்டச் சொல்லியிருக்க மாட்டேன். சாதாரண காபன் உருக்கில் நீராவி ஓடும் லைனில், எஞ்சிய தகைப்பு மட்டும் பைப்பை உடைப்பதில்லை. உருக்கு இழுபடும் தன்மையுள்ளது, கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தகைப்பைக் கரைத்துவிடும். 10 பார் அமுக்கம் உங்கள் பைப்பின் சுவரில் உண்டாக்கும் சுற்றுத் தகைப்பைக் கணக்கிட்டால் 7.7 மெகா பஸ்கால் வருகிறது. கிரேட் பி தர உருக்குப் பைப் நிரந்தரமாக நீளத் தொடங்குவது 240 மெகா பஸ்காலில். அமுக்கம் கேட்பது பைப்பின் பலத்தில் முப்பதில் ஒரு பங்கு.

எஞ்சிய தகைப்பு உண்மையில் ஆளைக் கொல்லும் இடங்கள் வேறு. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அங்கே செய்தது கோஸ்டிக் சோடாவும் குளோரினும். சூடான, செறிந்த கோஸ்டிக் ஓடும் காபன் உருக்குக் குழாயில், ஒட்டு ஒட்டியபடியே விடப்பட்டால், மிஞ்சிய தகைப்பும் அரிப்பும் கைகோத்து வெடிப்பு விழும். அதனால் அப்படிப்பட்ட லைனில் ஒட்டிய பிறகு சூடாக்கித் தகைப்பை இறக்குவார்கள். ஐஸ் ஆலைகளில் ஓடும் அமோனியாவும் காபன் உருக்கில் இதே வகை வெடிப்பை உண்டாக்கக்கூடியது. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கு ஐஸ் செய்யும் ஆலை ஏதாவதில் நாளைக்கு வேலை வந்தால் இதை மனதில் வையுங்கள். அங்கே குட்டித் துண்டு வைக்க முன் ஒரு பொறியியலாளரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, சூடு. ஒட்டின் ஓரத்தில் சில மில்லிமீற்றர் அகலத்துக்கு உருக்கின் மணிகள் மாறிவிடும். இரண்டாவது ஒட்டின் சூடு முதலாவதின் அந்தப் பகுதியில் ஏறினால் கெட்டுவிடும் என்று பயப்படுவார்கள். காபன் உருக்கில் இது பெரும்பாலும் வீண் பயம். ஒரே ஒட்டில் ரூட் (அடிப் படை) போட்டு, அதன் மேல் நிரப்பி, அதன் மேல் கப் (மேல் படை) போடுகிறோமே, ஒவ்வொரு தடவையும் கீழே இருப்பது மறுபடி சூடாகத்தானே செய்கிறது? ஸ்டெயின்லெஸ் என்றால் கவனம் வேண்டும். சாதாரண 304 ஐ 450 பாகைக்கும் 850 பாகைக்கும் நடுவில் அதிக நேரம் வைத்திருந்தால் குரோமியம் காபனோடு சேர்ந்து ஒதுங்கிவிடும், அந்த இடம் துருப்பிடிக்கும். இரண்டு ஒட்டு கிட்டக் கிட்ட வந்து, குட்டித் துண்டு ஆறாமல் கொதித்துக்கொண்டே இருந்தால் அந்த நேரம் கூடும். காபன் 0.03 சதவீதத்துக்கு மேற்படாத 304எல் வாங்கினால், ஒவ்வொரு படைக்கும் பிறகு ஆறவிட்டு ஒட்டினால், பிரச்சினை குறைந்துவிடும். குரோமியமும் மொலிப்டினமும் கலந்த குரோம் மொலி உருக்குகள் வேறு கதை, மின்நிலையம் கட்டுபவர்களுக்கான கதை.

மூன்றாவதுதான் கட்டாரின் 100 மில்லிமீற்றருக்கு நல்ல விளக்கம் தருகிறது, ஆனால் இதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை: பரிசோதனை. தடித்த பைப்பின் ஒட்டை அல்ட்ராசொனிக்கால் பார்க்கும்போது, ஒலி சரிவாக உள்ளே போய், உட்சுவரில் பட்டுத் திரும்பி வரும். 70 பாகை புரோப் (ஒலியை அனுப்பும் கருவி) என்றால் ஒரு முழுத் துள்ளலுக்கு தடிப்பைப் போல ஐந்தரை மடங்கு தூரம் வேண்டும். 20 மில்லிமீற்றர் சுவரில் அது 110 மில்லிமீற்றர். புரோப்பின் உடம்புக்கும் இடம் வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஒட்டின் மேடு நின்றால் புரோப்பை நகர்த்த முடியாது, ஒட்டின் பாதியைப் பார்க்காமலே பாஸ் போட வேண்டிவரும். பெரிய குழாய்களில் இடைவெளி கேட்பது மிகச் சரி. உங்கள் நாலு மில்லிமீற்றர்ச் சுவரை அல்ட்ராசொனிக்கால் பார்க்க யாரும் வரப்போவதில்லை. கண்ணால் பார்ப்பார்கள், சாயம் பூசிப் பார்க்கலாம், வசதியிருந்தால் எக்ஸ்ரே. இவற்றுக்கு 50 மில்லிமீற்றர் தாராளம்.

இன்னொன்று, கைவேலைச் சிக்கல். குட்டித் துண்டை நேராக வைத்துப் பிடிக்கக் கிளாம்ப் அமராது, அதன் மேல் மட்டம் வைத்துப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு ஒட்டும் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் சுருங்கும். ஒரு பக்கம் கூட, மறு பக்கம் குறைய என்று சுருங்கினால் லைன் கோணிவிடும், அப்புறம் கடைசிப் பிளாஞ்சில் போல்ட் ஓட்டை பொருந்தாது. உங்கள் வேலையில் நான் பார்க்கச் சொல்வது முதலில் இதைத்தான்.

இப்போது, வெட்டினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். துண்டை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் மறுபடி ஒரு துண்டு வைத்தே ஆக வேண்டும். மறுபடி இரண்டு ஒட்டு. எல்போவின் முனையைச் சீவி மீண்டும் பெவல் (ஒட்டுவதற்கான சரிவு) எடுத்தால் எல்போ குட்டையாகும். நல்ல ஒட்டு இரண்டை அழித்து, அதே இடத்தில் அவசரமாக இரண்டு போடுவதால் லைன் பலமாகாது.

ஆனால் ஒட்டுவதற்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். 60 மில்லிமீற்றர் குறைகிறதா, பைப்பில் இன்னும் 150 ஐ வெட்டி எடுத்துவிட்டு 210 மில்லிமீற்றர்த் துண்டாக வையுங்கள். அதற்கும் இரண்டே ஒட்டுத்தான். ஒரு சாண் பைப் கழிவாகும், அவ்வளவுதான் செலவு. துண்டு நீளமாக இருப்பதால் கிளாம்ப் அமரும், மட்டம் வைக்கலாம், கை போகும், போர்மனும் சத்தம் போட மாட்டார். சிலர் துண்டே வைக்காமல் செயின் புளொக் போட்டு இழுத்து ஒட்டுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். இழுத்த இழுப்பு முழுக்க லைனுக்குள் தங்கிவிடும், போய்லரின் வால்வுதான் அதைத் தாங்க வேண்டிவரும்.

இடைவெளியைப் பற்றி இவ்வளவு சண்டை பிடிக்கும் இடங்களில், அதைவிடப் பெரிய பிழைகளைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். சப்போர்ட்டுக்கான ஆங்கிள் இரும்பைக் கொண்டுபோய்ச் சரியாக ஒட்டின் மேலேயே ஒட்டுவது ஒன்று. கசிந்தால் எங்கே கசிகிறது என்று தெரியாது, பார்ப்பதற்கு அதை வெட்ட வேண்டும். ஒட்டை விட்டு விலத்தி வையுங்கள். முடிந்தால் ஒட்டவே வேண்டாம், யூ போல்ட் போதும். சூடாகும் லைன் அசைய வேண்டும் அல்லவா. 30 மீற்றர் நீராவி லைன் 30 பாகையிலிருந்து 170 பாகைக்குப் போனால் ஏறக்குறைய 50 மில்லிமீற்றர் நீளும். இரண்டு முனையையும் இறுக்கி ஒட்டி, நடுவில் வளைவும் விடாவிட்டால், அந்த நீட்சிக்கு முன்னால் எந்த ஒட்டு இடைவெளியும் உங்களைக் காப்பாற்றாது.

பிறகு பட்டி போடுவது. பழைய லைன் அரித்துத் துளை விழுந்தால் மேலே தகட்டுத் துண்டு வைத்து ஒட்டுவது வன்னியில் மட்டுமல்ல, எங்கும் நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் குழாய்களின் பரிசோதனைக்கான ஏ.பி.ஐ. 570 இதற்கு இடைவெளி சொல்கிறது: உள்ளாரையையும் தடிப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதன் நான்கு மடங்கு. நான்கு அங்குல ஷெட்யூல் 40 பைப்பில் அது 70 மில்லிமீற்றர். ஒரு பட்டியின் ஓரத்துக்கும் அடுத்த பட்டியின் ஓரத்துக்கும் இதைவிடக் குறைவென்றால், அந்தத் துண்டுப் பைப்பையே மாற்றுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை விழுந்த பைப், மூன்றாவதையும் எங்கோ தயார் பண்ணிக்கொண்டுதான் இருக்கும்.

இனி, இப்போது செய்ய வேண்டியது. இரண்டு ஒட்டையும் கம்பிப் பிரஷ் போட்டுத் துப்புரவாக்கி வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, துளை இருக்கிறதா, இரண்டு பக்க பைப்பும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றனவா. எதில் ரூட் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்துப் பட்டறைகளில் கதவுக்கும் டிரெய்லருக்கும் பழகிய 6013 வெல்டிங் ரொட்டாலேயே ரூட்டையும் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. 6013 மேலோட்டமாகவே உருக்கும். வெளியே அழகாகத் தெரியும் ஒட்டு உள்ளே பாதித் தடிப்புக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ரூட் இடைவெளி விடாமல் முட்டவைத்து 6013 போட்டிருந்தால், 60 மில்லிமீற்றரோ 600 மில்லிமீற்றரோ, அதை வெட்டத்தான் வேண்டும். டிக்கிலோ (ஆர்கன் வாயு வெல்டிங்) 6010 ரொட்டிலோ ரூட் போட்டு 7018 ரொட்டால் நிரப்பியிருந்தால் நிம்மதி. 6010 சில சின்ன இன்வேர்ட்டர் மெஷின்களில் சரியாக எரியாது. அப்படி மெஷின் என்றால் டிக்தான் வழி.

பிறகு தண்ணீர்ச் சோதனை. போய்லரைப் பிளைண்ட் தட்டு (ஓட்டையில்லாத அடைப்புத் தகடு) போட்டுப் பிரித்துவிடுங்கள். லைனின் உச்சியில் காற்றை முழுக்க வெளியேற்றி, தண்ணீரை நிரப்பி, வடிவமைப்பு அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது 15 பார், ஏற்றிக் குறைந்தது 10 நிமிடம் வைத்திருங்கள். கைப்பம்ப் போதும். தண்ணீர் நிரப்பப் பஞ்சியென்று கொம்பிரசர் காற்றால் ஏற்ற வேண்டாம். தண்ணீர் நிரம்பிய லைன் பிய்ந்தால் கால் நனையும், காற்று நிரம்பிய லைன் பிய்ந்தால் ஆள் போகும். கசிவில்லை என்றால் காப்புறை சுற்றுவதற்கு முன் இரண்டு ஒட்டையும் படம் எடுத்து வையுங்கள்.

அண்ணையிடம் இதையெல்லாம் கொண்டுபோய் நிறுவ வேண்டாம். "இந்த வேலைக்கு எந்த ஸ்பெக், அண்ணை?" என்று மட்டும் கேளுங்கள். அவர் வேலைக் குறிப்புத் தாள் ஒன்றைக் காட்டி, முதலாளியும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தால், வெட்டித்தான் ஆக வேண்டும், நான் சொன்னதெல்லாம் செல்லாது. தாள் இல்லை என்றால், சோதனைத் திகதி, ஏற்றிய அமுக்கம், ஒட்டியவர் பெயர், துண்டின் நீளம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி அவருடைய கையெழுத்தையும் வாங்கிப் போய்லர் பைலில் போடுங்கள். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் போய்லர் பரிசோதனைக்கு ஆள் வரும்போது, புதிதாக நீட்டிய லைனைப் பற்றிக் கேட்டால் முதலாளி எடுத்துக் காட்ட அது இருக்க வேண்டும்.